பின்னால் வரும் ரோகிணி

நான் ரோகிணியில் பிறந்தவள். ரோகிணியில் பிள்ளை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகப்படாத சங்கதி. போதாக்குறைக்கு, நான் பிறந்த அன்று என்னைப் பார்க்கக் கடலூரிலிருந்து பைக்கில் கிளம்பிய மாமா, வெள்ளாற்றுப் பாலத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். அதன் பிறகு பதினோரு வருஷம் நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. போனில் மட்டும் பேசுவார். காதுகுத்துக்குத் தோடு அனுப்பினார். மாமா மடிக்குப் பதில் அப்பாவின் நண்பர் மடியில் உட்கார்ந்து அழுதேன். ஏன் மாமா வருவதில்லை என்று கேட்டால் அம்மா, “நாந்தான் வர வேணாம்னு சொல்லியிருக்கேன்” என்று பேச்சை முடித்துவிடுவாள். அவள்மேல் எனக்குத் தீராத கோபம்.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள் அறிவியல் டீச்சர், ரோகிணிக்கு அல்டெபரான் என்றும் பெயர் உண்டு, அது அரபியிலிருந்து வந்தது என்றார். என் பக்கத்தில் உட்காரும் தோழி பரங்கிப்பேட்டைக்காரி. அரபி வகுப்புக்கும் போகிறவள். அர்த்தம் கேட்டு வரச் சொல்லி அவளை நச்சரித்தேன். மூன்றாம் நாள் பதில் வந்தது.

“பின்னாடியே வர்றதுன்னு அர்த்தமாம். கார்த்திகைக் கூட்டம் முன்னாடி போவுமாம், இது அதுக்குப் பின்னாடியே போவுமாம். வேற ஒண்ணும் இல்லியாம்.”

வேறு ஒன்றும் இல்லை என்பதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வானத்தை அண்ணாந்து பார்த்தே பெயர் வைத்தவர்கள் அரபிக்காரர்கள். மாமன்களைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மழை விட்ட ஒரு மாலை, அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் நானே சரிபார்த்தேன். கிழக்கே கொத்தாகக் கார்த்திகை, சற்றுக் கீழே சிவப்பாக ஒற்றை நட்சத்திரம். தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அதையெல்லாம் நோட்டில் படமாக வரைந்து, அர்த்தத்தையும் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை, ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன். ஓ.டி. என்கிற பழைய டவுனில் மாமாவின் செல்போன் ரிப்பேர் கடையைக் கண்டுபிடிக்க நான்கு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. மேஜையில் குனிந்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார்.

“மாமா, நாந்தான்” என்றேன்.

குரலை வைத்தே யாரென்று தெரிந்துவிட்டது. நிமிரவில்லை. எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். உயிரில்லாத ஒரு போனை எடுத்துத் தூக்கிப் பிடித்து, அதன் கறுப்புக் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். விளையாடுகிறார் என்று நினைத்து நாக்கைத் துருத்திக் காட்டினேன். அப்புறம்தான் மெல்லத் திரும்பினார். நோட்டை விரித்து அரபி, கார்த்திகை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். தலையாட்டிக் கேட்டார், ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார், அம்மாவுக்குப் போன் செய்தார்.

ஓடி வந்த அம்மா அடிக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அவளுக்கும் நோட்டைக் காட்டி, இனிமேலாவது மாமாவை வர விடுவாயா என்று விடாமல் கேட்டேன். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வர வுடுறன்” என்றாள்.

பொங்கலுக்கு மாமா வந்தார். அம்மாவை அரபியால் தோற்கடித்ததாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ரோகிணிப் பிள்ளையின் முகத்தைத் தாய்மாமன் முதலில் எண்ணெயில் தெரியும் பிம்பமாகத்தான் பார்க்க வேண்டும், அப்புறமே நேரில் பார்க்கலாம் என்றொரு வழக்கம் இருப்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பயந்து கிடந்தது மாமாதான். வர வேண்டாம் என்று அம்மா ஒரு நாளும் சொன்னதில்லை. வா வா என்று கெஞ்சியிருக்கிறாள். தன் தம்பியை நான் வெறுத்துவிடக் கூடாதென்று பதினோரு வருஷம் அந்தக் கோபத்தைத் தானே வாங்கிக்கொண்டாள். அது தெரியாமல், அவளை ஜெயித்துவிட்ட களைப்பில் நான் அன்று பஸ்ஸில் அவள் தோளிலேயே தூங்கிப்போனேன்.