மனோர் பார்க்கில் கண் தடுமாறிய லென்ஸ்

கட்டுநாயக்காவிலிருந்து ஹீத்ரோ வரை பதினொரு மணித்தியாலப் பறப்பு. அவ்வளவு நேரமும் கமெராப் பை என் காலடியிலேயே இருந்தது. மேல்தட்டில் வைக்கச் சொன்ன பணிப்பெண்ணுக்கு, சூட்கேசை வேண்டுமானால் கடலில் போடுங்கள், இதைத் தர மாட்டேன் என்று கையாலேயே விளங்கப்படுத்தினேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். சுன்னாகத்தில் சொந்தக் கட்டடத்தில் இரண்டு மாடி ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். நான் எடுத்த கலியாணப் படத்தில் கண் மூடிய மாப்பிள்ளை இன்றுவரை இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, விஷயம் விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

விஷயம் என் தங்கச்சி பவானியின் மகள் அபிநயாவின் கலியாணம். பவானி ஜேர்மனியில் கலியாணம் கட்டி, பிறகு லண்டனுக்கு மாறியவள். அவளுடைய கலியாணத்துக்கு எனக்கு விசா கிடைக்கவில்லை. யாரோ எடுத்த படத்தில், தாலி கட்டும் நேரம் மாப்பிள்ளையின் முதுகு மட்டும் வலு தெளிவு. ஆகவே மகளுக்குத் தாலி கட்டுவதை அண்ணைதான் எடுப்பார் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள் ஒற்றைக் காலில் நின்றிருந்தாள்.

வியாழன் பிற்பகல் எலிசபெத் லைன் ரயில் ஏறினேன். டிக்கட் எடுக்கும் இடத்தைத் தேடி நின்ற என்னிடம், தமிழ்நாட்டுத் தம்பி ஒருவர் வங்கி அட்டையை வாசலில் காட்டினால் போதும் என்று சொல்லித் தந்தார். கணினி வேலையாம். கமெராப் பையைப் பார்த்து, நீங்க போட்டோகிராபரா சார் என்று கேட்டார். வைட்சாப்பலில் ரயில் மாறும் வரை அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொன்னேன். பாவம், இரண்டு தரம் கொட்டாவி விட்டார். ரயில் கூலி பதின்மூன்று பவுண்ஸ் சொச்சம். எங்கள் காசுக்கு ஐயாயிரத்தைத் தாண்டும். எங்கள் யாழ்தேவி ரயிலில் அந்தக் காசுக்குக் கொழும்புக்குப் போகலாம். ஆனால் யாழ்தேவி இவ்வளவு சத்தமில்லாமல் ஓடாது.

பவானி இருக்கிற மனோர் பார்க்கில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து வரிசையாக நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் இங்கே நாங்கள் ஆயுசு சொல்லலாம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் பவானியை யன்னலோரம் இருத்தி, நீள லென்ஸைப் பூட்டி ஒரு படம் எடுத்தேன். கண் இமை எண்ணலாம், அவ்வளவு கூர்மை. அடுத்த படத்துக்கு விரலை வைத்தேன். லென்ஸ் முன்னுக்குப் போனது, பின்னுக்கு வந்தது, திரும்ப முன்னுக்குப் போனது. ஒன்றையும் பிடிக்கவில்லை. மூன்றாவது நன்றாக வந்தது. நான்காவதில் தங்கச்சி வெறும் பனிமூட்டம்.

முற்றாகப் பழுதானால் கவலையில்லை, பழுது என்று தெரிந்துவிடும். ஒருக்கால் பிடித்து ஒருக்கால் விடுகிற சாமானை நம்பித்தான் மனிதன் கெடுகிறான். தாலி ஒருமுறைதான் கட்டுவார்கள். இரண்டாம் தரம் கட்டுங்கோ தம்பி, லென்ஸ் பிடிக்கவில்லை என்று சொல்ல ஏலுமா? என்னிடம் இருக்கிற மற்றது அகல லென்ஸ். அதில் எடுத்தால் தாலியோடு மண்டபத்து முகடும் சேர்ந்து வரும்.

வெள்ளி காலை வேலையைத் தொடங்கினேன். இதில் எனக்கு ஒரு முறை உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பற்றரியை மாற்றினேன், அதே கூத்து. முன்கண்ணாடியைத் துடைத்தேன், அதே கூத்து. வெளிச்சம் போதாதோ என்று முற்றத்தில் போய், செங்கல் சுவரைக் குறிவைத்தேன். அங்கும் அதே. அகல லென்ஸைப் பூட்டினேன். அது வில்லங்கமில்லாமல் பிடித்தது. அப்படியானால் கமெரா சுகம், நோய் நீள லென்ஸில். அதைத் திரும்பப் பூட்டித் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தடுமாறும் நேரமெல்லாம், வெளிச்சம் போகிற துவாரத்தின் அளவைக் காட்டும் எண் மறைந்து இரண்டு கோடுகள் வந்தன. அந்த எண்ணை லென்ஸ்தான் கமெராவுக்குச் சொல்ல வேண்டும். ஆக, இரண்டும் இடைக்கிடை பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன. கழற்றிப் பின்பக்கத்தில் இரண்டும் தொடுகிற பொன்னிற முனைகளைப் பார்த்தேன். மஞ்சளாக மின்னின. குறையொன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து, லென்ஸ் கதையைப் பவானியிடம் கேள்விப்பட்ட மாப்பிள்ளையின் தமையன் போன் எடுத்தார். பவானி என்னிடம் தந்தாள்.

"அங்கிள், பின்னேரத்துக்குள்ள சொல்லுங்கோ. இல்லாட்டி எங்கட கமெரா ஆள் வேற வேலைக்குப் போயிடுவார்."

சொல்லுறன் தம்பி என்று வைத்தேன். கோயிலுக்குப் போய்விட்டு, ஃபாரஸ்ட் கேட்டில் போன் திருத்துகிற எங்கட தமிழ் ஆள் ஒருவர் இருக்கிறார், அவரையும் கேட்டுப் பாருங்கோ என்று பவானி சொன்னாள்.

சேர்ச் ரோட் கோயில் முருகனிடம் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னேன். ஐயர் தந்த சந்தனத்தை நெற்றியில் அப்பிக்கொண்டு ஃபாரஸ்ட் கேட்டுக்குப் பஸ் ஏறினேன். கூலி ஒன்று எழுபத்தைந்து. மேல்தட்டில் முன்சீட். கீழே மரக்கறிக் கடைகள், நகைக் கடைகள், ஈரத் தெரு. ஒருவரையும் தள்ளி நில் என்று சொல்ல இங்கே கொண்டக்டர் இல்லை. பஸ்ஸுக்குள் ஹீற்றர் அனலாக அடித்தது. நெற்றி இறுகியது, சுருக்கினேன். சந்தனம் செதிலாக உடைந்து என் கறுப்பு ஜக்கெற்றில் விழுந்தது.

மெல்லிய, மஞ்சள், பளபளப்பான செதில். அதைப் பார்த்தபடியே லென்ஸைக் கழற்றிப் பின்முனைகளை யன்னல் வெளிச்சத்தில் சரித்தேன். இரண்டு முனைகளுக்கு மேல் அதே செதில். பொன்னோடு பொன்னாக ஒட்டியிருந்ததால் காலையில் என் கண்ணையே ஏமாற்றிவிட்டது.

போன் கடைக்காரர் பிரான்சிலிருந்து வந்தவர், என்னிலும் இளையவர். கிட்ட வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, இதுக்குப் பொட்டெல்லோ வைச்சிருக்கு."

"ஓம், ஆயுத பூசைக்கு நான்தான் வைச்சது."

"பின்பக்கத்திலயோ?"

"மூடிக்கு மேல வைச்சா அது மூடிக்கு வைச்ச பொட்டு. சாமானுக்கு வைக்க வேண்டாமோ?"

அவர் கதிரையில் இருந்து சிரித்தார். "பிரான்சில என்ர முதலாளி கம்ப்யூட்டருக்குள்ள விபூதி போட்டவர்."

"பிறகு?"

"பிறகுதான் என்னை வேலைக்கு எடுத்தவர்."

தான் துடைத்துத் தருவதாகச் சொன்னார். என் லென்ஸை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. ஈரம் விடாமல் பறக்கிற ஸ்பிரிட்டும் பஞ்சுக் குச்சியும் மட்டும் வாங்கினேன். உள்ளே ஒன்றும் விழாதபடி பின்பக்கம் நிலத்தைப் பார்க்கப் பிடித்து, குச்சியை நனைத்தும் நனைக்காமலும் தொட்டு, முனை முனையாகத் துடைத்தேன். குச்சி மஞ்சளானது. காயவிட்டுப் பூட்டி, அவரையே முப்பது நாற்பது படம் எடுத்தேன். ஒன்றும் தவறவில்லை. கடைசிப் படத்திலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கடை வாசலில் நின்றே மாப்பிள்ளையின் தமையனுக்குச் சொன்னேன்: "உங்கட ஆளை வேற வேலைக்கு அனுப்புங்கோ."

ஞாயிறு, ரெய்னர்ஸ் லேன் மண்டபம். லண்டனின் கிழக்கிலிருந்து மேற்குக்குக் காரில் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. கெட்டிமேளம் முழங்க எல்லோரும் அறுகரிசி எறிவார்கள். எவ்வளவு சுகமான லென்ஸும் அந்த நேரம் பறக்கிற அரிசியைத்தான் பிடிக்கும். அது எனக்குத் தெரியாதா? அபிநயாவின் கழுத்தில் ஃபோகஸைப் பிடித்தவுடன் தானியங்கியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். மேளம் எழும்பியது, அரிசி மழையாகப் பொழிந்தது, மாப்பிள்ளையின் விரல் முடிச்சில் இருந்தது. அமத்தினேன்.

சாப்பாட்டுப் பந்தியில் பவானி கமெராவை வாங்கித் திரையைப் பார்த்தாள். விரலும் தாலியும் அரிசி பட்ட மகளின் இமையும் அதில் இருந்தன. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாப்பிள்ளையின்ர முதுகைக் காணேல்லை, அண்ணை."

புதன்கிழமை ஹீத்ரோவில் திரும்பிப் போகும் வரிசையில் நின்றபோது நினைத்தேன். சுன்னாகத்தில் சந்தனம் பகல் முழுக்க நெற்றியில் வியர்வையோடு இருக்கும், காய்ந்து விழாது. பஸ்ஸில் அது விழுந்திராவிட்டால் லென்ஸின் நோய் எனக்கு விளங்கியிருக்காது. லண்டன் குளிரும் பஸ் ஹீற்றரும் வாழ்க. பொட்டு வைத்தது பிழையென்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன், இடம்தான் பிழை. அடுத்த சரஸ்வதி பூசைக்கு மூடிக்கு மேல்தான் வைப்பேன். அது உள்ளே போய்ச் சேர்கிறதா என்பதை அந்த அம்மாள் பார்த்துக்கொள்ளட்டும்.