சிவஞானம் தேடிய நரிக்கொம்பு

இலங்கை மலைநாட்டில், எல்ல என்ற நகரத்துக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் அவரை ‘நரி சிவஞானம்’ என்றால்தான் தெரியும். கெஸ்ட் ஹவுஸ்கள் பெருகி, சமையல் கழிவு பள்ளத்தில் குவிந்ததும் நரிகளும் பெருகின. ஊளைச் சத்தத்துக்கு வெள்ளைக்காரர்கள் பயப்படுகிறார்கள் என்று கெஸ்ட் ஹவுஸ் முதலாளி ஸனூஸ் அவரைக் கூப்பிட்டார்.

“குப்பைய மூடி வச்சாலே போதும், மொதலாளி.”

“அதுக்கெல்லாம் ஆள் இல்ல. நீங்க சுருக்கு வைங்க.”

கூலிக்காக மட்டும் சிவஞானம் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு மேலே மலை வெடித்திருந்தது. மண் சரியுமென்று பயந்து, அந்தக் குடும்பங்களுக்குக் கீழே தனிவீடுகள் கட்டினார்கள். ஆனால் ஒரு வீடு குறைந்தது. சீட்டுக் குலுக்குவதென்று முடிவானது. நரிக்கூட்டத்துத் தலைவனின் மண்டையில் சின்னக் கொம்பு முளைக்கும், அதை மடியில் முடிந்துகொண்டு போனால் கேட்டது கிடைக்கும் என்பது தோட்டத்தில் எல்லோரும் சொல்வது. அது நம்பிக்கையா, வேறு வழியில்லாமையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியில் சுருக்கு செய்தார். விடிந்து போய்ப் பார்க்கும்போது கம்பி சதைக்குள் இறங்கி, நரி உயிரோடுதான் கிடக்கும். மண்வெட்டிப் பிடியால் அடிப்பார். தோலைக் கீறி மண்டையை விரலால் தடவுவார்.

“இது தலைவன் இல்ல.”

செத்தவற்றின் இடத்துக்கு வேறு நரிகள் வந்தன. குப்பை அப்படியே இருந்தது.

ஒருநாள் பால் கட்டிய பெட்டை நரி மாட்டியது. அதன் மண்டையை உடைத்தே பார்த்தார். பற்றைப் புதருக்குள் குட்டிகள் முனகிக்கொண்டிருந்தன.

“ஏங்க, பொட்டைக்கும் கொம்பு இருக்குமா?” என்றாள் மனைவி விஜயலெட்சுமி.

“பொட்டைக்கு ஏது கொம்பு?”

“பெறகு எதுக்கு மண்டைய ஒடைச்சீங்க?”

அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

குலுக்கலன்று, அந்த மண்டையோட்டில் கூராக உடைந்திருந்த ஒரு துண்டை மடியில் முடிந்துகொண்டு போனார். ஒரேயொரு வெறுஞ்சீட்டு இருந்தது. அது அவர் கைக்கு வந்தது.

“என்னண்ணே, நரி ஒங்களையே ஏமாத்திப்புடுச்சே!” என்றார் லயத்தில் பக்கத்து அறையான காம்பராவில் இருந்த மாணிக்கராஜ். வீடு கிடைத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மற்றவர்கள் சாமான்களோடு கீழே இறங்கிப் போனார்கள். அவர்களுடைய காம்பராக்களின் கதவுகளைத் தோட்ட நிர்வாகத்து ஆட்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். மழை தொடங்கியதும் நரிகள் அங்கே ஒண்டின. மாணிக்கராஜின் அடுப்படியில் ஒன்று குட்டி போட்டது.

நரி கூடிவிட்டதாக ஸனூஸ் மறுபடியும் சொல்லியனுப்பினார்.

“இந்தத் தடவ எங்க வைக்கப் போறீங்க?” என்றாள் விஜயலெட்சுமி.

“பக்கத்துக் காம்பராவுல.”

“கொம்புக்கா?”

“இன்னொரு வீடு கட்டப் போறாங்களாம்.”

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் கம்பி இழுபடும் சத்தம் கேட்டது. சிவஞானம் மண்வெட்டிப் பிடியை எடுத்துக்கொண்டு போனார். சத்தம் நின்றது. குட்டிகளை ஒதுக்கிவிட்டு, ஈரக் கையால் அந்தப் பெட்டையின் மண்டையைத் தடவிப் பார்த்தார்.