புளி போட்டு மினுக்கிய நாற்பது கோதுகள்

நேற்று மருமகள் குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தாள். புளியும் பித்தளையும் கலந்த அந்த வாசம் இத்தனை வருசம் கழித்தும் எனக்கு ஆகாது. எழுந்து வெளியே போய்விட்டேன். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

அறுபதுகளில் நான் தம்பலகாமத்தில் நீர்ப்பாசனக் கந்தோர் கிளாக்கர். பேனை பிடிப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது, ஆனால் எல்லாம் தெரிந்தவன்போல ஒரு நடை. கந்தோர் உழவு இயந்திரங்களைப் பார்த்த மெக்கானிக் பரீத் கிண்ணியாக்காரன், என் வயதுதான். வயல்களைப் பார்க்கும் வட்டவிதானையாரிடம் லைசென்சோடு ஒரு றைபிள் இருந்தது. கதிர் முற்றும் காலத்தில் பன்றிகள் அதற்குத்தான் பயப்படும். புதுத் தோட்டா கிடைப்பது அருமை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைப் பரீத்தான் திரும்ப நிரப்பிக் கொடுப்பான்.

சுடச் சுடக் கோதின் கழுத்து இறுகிப்போகும். பிறகு குண்டைச் சரியாகப் பிடிக்காது, கீறியும் போகும். அதனால் கழுத்தை மட்டும் சூடு காட்டி இளக்க வேண்டும். பரீத் கோதுகளைத் தட்டத்துத் தண்ணீரில் பாதியளவு நிறுத்தி, நிறம் தெரிய ஜன்னலைச் சாத்தி, ஊதுவிளக்கின் சுவாலையைப் பிடிப்பான். மஞ்சள் கழுத்தில் ஒரு நீலம் மெல்லப் படர்ந்து இறங்கும். அந்தக் கணத்தில் கோதைத் தட்டித் தண்ணீரில் சரித்துவிடுவான். நான் மூச்சு விட மறந்து நிற்பேன். கோயிலில் தீபாராதனைக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை. பிறகு குண்டைப் பொருத்தி விரலால் முறுக்கிப் பார்ப்பான். அது அசையாது. நெருப்புக்கு இவ்வளவு கணக்காக வேலை செய்யத் தெரியுமா என்று எனக்கு ஒரே பிரமிப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை நாற்பது கோதை இளக்கி வைத்துவிட்டு ஜும்மாவுக்குப் புறப்பட்டான். "கிளாக்கர், கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க" என்றான்.

பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கழுத்து இளகினால் நல்லதென்றால் முழுவதும் இளகினால் இன்னும் நல்லதுதானே என்று என் மூளை சொன்னது. ஐந்தாறு கோதைத் தேத்தண்ணி அடுப்புத் தணலில் சிவக்கப் போட்டேன். கறுத்துப்போய் வந்தன. குசினியில் புளி இருந்தது. நாற்பதையும் சேர்த்துத் தீபாவளி விளக்குபோல மினுக்கி, வரிசையாக அடுக்கி வைத்தேன்.

பரீத் வந்ததும் பெருமையாக எல்லாம் சொன்னேன். அவன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். நீல வளையம் ஒன்றிலும் இல்லை.

"எது எதை நெருப்பில போட்டனீங்க?"

எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே பளபளப்பு.

"அடி இளகின கோது பின்பக்கமா வெடிக்கும், கிளாக்கர். விதானையார் துவக்கில கன்னத்தை வச்சு, கண்ணை ஒட்டித்தான் குறி பாக்கிறவர்."

சுத்தியலை எடுத்து நாற்பதையும் நசுக்கினான். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அடியையும் கேட்டேன்.

அந்தப் போகம் விதானையார் தகரம் தட்டித்தான் பன்றி கலைத்தார். வரம்போர வயல்கள் பாதி போயின. வெட்கத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஓம், பரீத் சொன்னவன். நெல்லுத்தானே போனது, கதிரையில இருங்கோ" என்று ஒன்றை இழுத்துப் போட்டார்.

அந்த றைபிள் போய்விட்டது, பரீத் போய்விட்டான், கந்தோர் இருந்த இடத்தில் பற்றைக்காடு. விதானையார் எழுபது கடந்தும் கண்ணாடி போடவில்லை. திருகோணமலைச் சந்தையின் அந்தக் கடைசித் தொங்கலில் நின்றே என்னைக் கண்டுபிடித்து, "கிளாக்கர்" என்று கூப்பிடுவார். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தச் சுத்தியல் சத்தம் கேட்கும். அவரும் போன பிறகு, அவ்வளவு தூரத்தில் என்னைக் கண்டு கூப்பிட ஒருவருமில்லை.