நாலு மணிச் சங்கு

கொல்கத்தாவில் விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்கு வீடு சங்கு ஊதுவார்கள். டாலிகஞ்சில் நாங்கள் குடிவந்த முதல் நாள், சாமான்களைக்கூடப் பிரிக்கவில்லை, கீழ்வீட்டில் ஒரு சங்கு, எதிர்க் கட்டடத்தில் ஒன்று, தெருக்கோடியில் இன்னொன்று. நான் பதறிப்போய், "ஏங்க, ஒரே நேரத்துல இத்தனை சாவா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். மதுரைக்காரிக்கு வேறென்ன தோன்றும்? கோயிலில் ஊதுவது தனி. எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலில் சங்கு கேட்டால் அங்கே பாடை கட்டுகிறார்கள் என்று அர்த்தம். இங்கேயோ தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வீட்டுப் பெண்களே மங்கலத்துக்கு ஊதுகிறார்கள். பதினோரு வருஷமாகியும் எனக்கு அது சாவுச் சத்தம்தான். ஊரிலிருந்து சாயங்காலம் போன் பண்ணும் என் அக்கா, "யாருடி செத்தா?" என்றுதான் இன்னமும் முதலில் கேட்பாள்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும், என்னைப் போல வேற்றூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சங்கு எனக்கு உபயோகப்பட்டது. என் மகள் சுபாவை அடிப்பதற்கு. எங்கள் தெருவில் தாய் பிள்ளையை அடித்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். "நல்லா ரெண்டு போடு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே ஒரு பிள்ளை வீறிட்டால் மாடிப்படி முழுக்கக் கதவு திறக்கும். "கீ ஹோலோ? கீ ஹோலோ?" என்னாச்சு, என்னாச்சு என்று ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். அதனால் ஆத்திரத்தைப் பொத்தி வைத்திருந்து, சங்கு எழும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பேன். இதை எழுத இப்போது கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

சுபா நாலு வயதில் இங்கே வந்தவள். இப்போது பதினைந்து. சண்டை என்று வந்தால் அவள் வங்காளத்துக்குப் போய்விடுவாள், நான் மதுரைக்குப் போய்விடுவேன். என்னைத் திட்டுகிறாள் என்று தெரியும், என்ன சொல்லித் திட்டுகிறாள் என்று முழுசாகத் தெரியாது. அதுதான் என்னைக் கொளுத்தும். போன வருஷம் துர்கா பூஜை விடுமுறை முடிந்த வாரம், மார்க் குறைந்த கணக்குத் தாளை அவள் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். கேட்டால் வங்காளத்தில் பொரிகிறாள். "தமிழ்ல பேசுடி நாயே!" என்று கத்தினேன். அவள் இன்னும் வேகமாகப் பொரிந்தாள். சூட்டோடு கல்லில் கிடந்த தோசைத் திருப்பியை எடுத்து அவள் முழங்கையில் ஓங்கி வைத்தேன். தோல் சுருங்கிக் கழன்றது. அவள் அலறிக்கொண்டே என்னைப் பிடித்துத் தள்ளினாள். கிரைண்டர் விளிம்பில் மோதி என் முன்பல் பாதி தெறித்தது. வாயெல்லாம் ரத்தத்தோடு நான் எழுந்து, அவள் சடையைக் கையில் சுற்றித் தலையைச் சுவரில் இடித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. "விடு தேவி" என்று ஒரு குரல் கேட்டது. என் வீட்டுக்காரர்தான். கிடர்பூர் துறைமுக ஆபீசில் நாள் முழுக்க ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற மனுஷன். அந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு, காப்பித்தூள் வாங்கி வருகிறேன் என்று லேக் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் காப்பித்தூள் தீர்ந்துபோகும்.

சுபா வெறுங்காலோடு கீழ்வீட்டுக்கு ஓடினாள். அங்கே இருக்கிற அம்மாளை நாங்கள் எல்லோரும் காக்கிமா, அதாவது சித்தி என்று கூப்பிடுவோம். ஒன்பது நாள் என் மகள் அந்த வீட்டில் இருந்தாள். எனக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை, என் காலடித் தரைதான் அவளுக்குக் கூரை. நடுவில் பதினாறு படி. நான் இறங்கவில்லை, அவள் ஏறவில்லை. பத்தாம் நாள் காக்கிமா மட்டும் ஏறி வந்தார். குடும்பத்தோடு உட்கார்த்திப் பேசுகிற ஒரு டாக்டர் அம்மா இருக்கிறாராம், நாங்கள் மூன்று பேரும் போனால்தான் பெண் மேலே வருவாளாம். சுபா சொல்லியனுப்பியதும் ஒன்று உண்டு: இன்னொரு தடவை அம்மா கை வைத்தால், அப்புறம் ஜென்மத்துக்கும் திரும்ப மாட்டாள். அக்காவிடம் சொன்னேன். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? நாலு சாத்து சாத்தி இழுத்துட்டு வாடி" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் பத்து நாள் அவள் தட்டு கவிழ்ந்தே கிடந்ததைப் பார்த்தவள் நான். போகலாம் என்று சொல்லியனுப்பினேன்.

முதல் நாள் நான் ஒரு பை நிறைய அத்தாட்சியோடு போனேன். கணக்குத் தாள், பள்ளிக்கூடத்து நோட்டு, உடைந்த பல்லின் எக்ஸ்ரே. பெண்ணைச் சரிபண்ணித் தருவார்கள் என்று நினைப்பு. டாக்டர் அம்மா எதையும் வாங்கிப் பார்க்கவில்லை. சண்டை வரும்போது யார் எங்கே நிற்பீர்கள், நின்று காட்டுங்கள் என்றார் இந்தியில். இதென்ன நாடகக் கொட்டகையா என்று முணுமுணுத்தபடி நான் அறை நடுவில் கையை ஓங்கிக்கொண்டு நின்றேன். சுபா சுவரோடு ஒண்டி, இடது காதைப் பொத்திக்கொண்டாள். எப்போதும் அந்தக் காதில்தான் அறைவேன். அவளுக்கு ஞாபகம் இருந்தது, எனக்கு இல்லை. என் வீட்டுக்காரர் எழுந்தார், சுற்றுமுற்றும் பார்த்தார், கதவைத் திறந்து வெளியே வராந்தாவுக்கே போய்விட்டார். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டு, "இங்கே நில்லுங்கள். பேசக்கூட வேண்டாம், போகாமல் இருங்கள்" என்று எங்கள் இருவருக்கும் நடுவில் ஓரிடத்தைக் காட்டினார். ஓங்கிய கை எனக்கு வலித்தது. இறக்கினேன். என் வீட்டுக்காரர் கண் கலங்கியதைக் கல்யாணமாகி அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

சுபா மேலே வந்துவிட்டாள். வாரா வாரம் போனோம். சுபா பேசி நான் வீட்டில் கேட்டதைவிட அந்த அறையில் கேட்டது அதிகம். நான் திட்டுகிற தமிழில் பாதி அவளுக்கும் புரியாதாம். கொன்றேவிடுவேன் என்பதை மட்டும் அட்சரம் பிசகாமல் நம்பியிருக்கிறாள். ஒரு வாரம் டாக்டர் அம்மா ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் கை ஓங்கும் நிலை வந்தால் நிறுத்துவதற்கு ஒரு அடையாளம் வேண்டும். மூவரில் யார் அதைச் செய்தாலும் மற்றவர்கள் வாயை மூடி, அவரவர் இடத்துக்குப் போய்ச் சோறு வேகிற நேரம் உட்கார வேண்டும். நான் பூஜை மணி என்றேன். "அம்மா கத்துறப்ப மணி யாருக்குக் கேக்கும்?" என்ற சுபா, காக்கிமா கொடுத்த சங்கைப் பையிலிருந்து எடுத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எழவு வீட்டுல ஊதுறதை என் வீட்டுக்குள்ள கொண்டாரியாடி?" என்று அந்த அறையிலேயே பாய்ந்தேன். என் வீட்டுக்காரர் அதை இந்தியில் சொல்ல, டாக்டர் அம்மா திகைத்துப்போய், தன் கல்யாணத்தில் இதைத்தானே ஊதினார்கள் என்றார். சுபாவும் விழித்தாள். ஊரில் ஒரு சாவுக்குக்கூட அவளை நான் கூட்டிப் போனதில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? "உன் ஊர்ல அது சாவு. என் ஊர்ல பூமி ஆடுனாக்கூட அதைத்தாம்மா ஊதுவாங்க, ஆட்டம் நிக்கட்டும்னு" என்றாள். உன் ஊர், என் ஊர். என் வயிற்றில் பிறந்தவள் சொன்னாள்.

கடைசியில் அதுவே அடையாளம் என்று முடிவாகி, சங்கு எங்கள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மூன்று மாதம் சும்மா இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பகல் நாலு மணிக்கு மறுபடி ஒரு பொய். டியூஷனுக்கென்று போனவள் லேக் பக்கம் சிநேகிதிகளோடு நின்றதை நானே பார்த்தேன். வீட்டுக்கு வந்தவளிடம் கேட்டால் வங்காளம். என் கை தானாகத் தோசைத் திருப்பியை எடுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் எழுந்தார். செருப்பைத் தேடவில்லை, வந்து நடுவில் நின்றார். சுபா வாசலைப் பார்த்தாள். போகப் போகிறாள், பெண் போய்விட்டாள் என்றே நினைத்தேன். அவள் போனது பூஜை அலமாரிக்கு. சங்கை எடுத்து, அழுதுகொண்டே, மூச்சைப் பிடித்து ஊதினாள். கட்டடமே அதிர்ந்தது.

விளக்கு வைக்காத நேரத்தில் சங்கு என்றால் இந்த ஊருக்கு ஒரே அர்த்தம்தான். எதிர்வீட்டுச் சங்கு முழங்கியது, தெருக்கோடியிலும் முழங்கியது. படபடவென்று மாடிப்படியில் ஜனம் இறங்கி ஓடுகிறது. காக்கிமா மட்டும் மேலே ஓடி வந்து, "பூமிகொம்போ?" என்றார் மூச்சிரைக்க. நிலநடுக்கமா என்று கேட்கிறார். தோசைத் திருப்பியை மேடையில் வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில், எங்கள் வீட்டில் மட்டும்தான், நின்றுவிட்டது என்றேன். அவர் என் கையைப் பார்த்தார், சுபாவைப் பார்த்தார், தெருவில் நிற்கிறவர்களைச் சமாதானப்படுத்த இறங்கிப் போனார். நாங்கள் மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்தோம். அவரவர் அழுகையை அவரவர் அழுதோம்.

அந்த நேரம் பார்த்து அக்கா போன் பண்ணினாள். தெருவில் இன்னும் ஒன்றிரண்டு சங்கு ஓயவில்லை.

"யாருடி செத்தா?"

எதிர் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு என் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கு அவள் மடியில் இருந்தது.

"யாரும் சாகலக்கா" என்றேன். "எல்லாரும் வீட்டுலதான் இருக்கோம்."