வளர்மதி போட்ட ஊசிகளும் என் கையெழுத்தும்

1. சேர்ந்த நாள்

வளர்மதி வேலை கேட்டு வந்த அன்று எங்கள் ஐசியூவில் ஆறு கட்டிலுக்கு ஒரே ஒரு நர்ஸ் இருந்தாள். அவளுக்கும் காய்ச்சல். புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் நர்சிங் சூப்பரிண்டெண்டாக இருந்த காலம் அது. ஆள் கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த எனக்கு, கையில் ஃபைலோடு வந்து நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்ததும் கும்பிடத் தோன்றியது.

இலுப்பூர் பக்கத்துப் பெண். கர்நாடகத்தில் நர்சிங் படித்து, அங்கேயே பதிவு செய்து, பெங்களூரில் மூன்று வருடம் ஐசியூவில் வேலை பார்த்தவள். கல்யாணமாகி ஊருக்குத் திரும்பியிருந்தாள். கணவன் பைக் மெக்கானிக்.

ஃபைலைப் புரட்டினேன். எல்லாம் இருந்தது, தமிழ்நாட்டுப் பதிவு மட்டும் இல்லை. வெளியாட்களுக்கு இது புரியாது. டிரைவிங் லைசென்ஸ் ஒரு மாநிலத்தில் எடுத்தால் நாடு முழுக்க வண்டி ஓட்டலாம். நர்ஸுக்கு அப்படி இல்லை. எந்த மாநிலத்தில் வேலையோ அந்த மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். முதலில் பதிவு செய்த இடத்திலிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி வந்து, இங்கே மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இப்போது கம்ப்யூட்டரிலேயே பாதி வேலை முடிகிறது என்கிறார்கள். அன்றைக்கு நேரில் போய் நின்றால்தான் காகிதம் நகரும்.

"என்.ஓ.சி.க்கு எழுதிப் போட்டுருக்கேன் சிஸ்டர். ஒரு தடவ பெங்களூர் போய்ட்டு வந்தா முடிஞ்சிரும். அதுக்கப்புறம் சேரட்டுமா?"

"அதெல்லாம் மெதுவாப் பாத்துக்கலாம்மா. நாளைக்கே வந்துரு" என்றேன். அந்த 'மெதுவா' என்ற சொல்லை நான் இன்றுவரை மறக்கவில்லை.

2. நாங்கள் செய்த ஏற்பாடு

வருகைப் பதிவேட்டில் அவள் 'நர்சிங் உதவியாளர்'. வேலை ஸ்டாஃப் நர்ஸ் வேலை. ஊசி போடுவாள், டிரிப் ஏற்றுவாள், வென்டிலேட்டர் பார்ப்பாள். ஆனால் கேஸ் ஷீட்டில் கையெழுத்து மட்டும் போட மாட்டாள். அவள் எழுதி வைத்ததன் கீழே நான் போடுவேன். நான் இல்லாவிட்டால் தமிழ்நாட்டுப் பதிவு உள்ள வேறு யாராவது போடுவார்கள். நாங்கள் மட்டும் செய்த காரியமில்லை, ஆள் பற்றாக்குறை உள்ள பல இடங்களில் நடப்பதுதான். அதனால் அது சரியாகிவிடாது.

இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்று தெரிந்தால் அவளைத் துணி அறைக்கு அனுப்புவோம். அங்கே உட்கார்ந்து பெட்ஷீட் மடித்துக்கொண்டிருப்பாள். எங்கள் ஐசியூவிலேயே கெட்டிக்காரியான நர்ஸ் அதிகாரிகள் கிளம்பும்வரை பெட்ஷீட் மடிப்பாள். முதல் தடவை எனக்கு வெட்கமாக இருந்தது. நாலாவது தடவை பழகிவிட்டது.

பெங்களூர் போய்வர நாலு நாள் லீவு கேட்டாள். தீபாவளி முடியட்டும் என்றேன். அடுத்து கேட்டபோது டெங்கு சீசன், வார்டு நிரம்பி வழிந்தது. மூன்றாவது முறை கேட்டபோது என்ன சாக்கு சொன்னேன் என்பதுகூட நினைவில்லை. பதிவு வந்துவிட்டால் அரசு வேலைக்கோ திருச்சிக்கோ போய்விடுவாளோ என்ற பயமும் எனக்குள் இருந்தது. அதை வெளியே சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். பிறகு அவளே கேட்பதை நிறுத்திவிட்டாள். கைக்குழந்தை, மாமியார், ஷிப்ட் என்று நாள் ஓடியது. என் கையெழுத்து கேட்டபோதெல்லாம் கிடைத்ததால் அவளுக்கும் அவசரம் விட்டுப்போனது.

3. கட்டுவிரியன்

ஒரு காலையில் நார்த்தாமலைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லுடைக்கும் தொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். விடியற்காலையிலிருந்து வயிற்று வலி. உடம்பில் காயம் எதுவுமில்லை. டியூட்டி டாக்டர் சின்னப் பையன், கேஸ்ட்ரிக் என்று எழுதி ஊசி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று அவசரப் பிரிவுக்கு உதவிக்குப் போயிருந்த வளர்மதி ஊசியை எடுக்கவில்லை. அந்த ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் மனைவியிடம் கேட்டாள்.

"ராத்திரி எங்கக்கா படுத்திருந்தாரு?"

"தரையிலதாம்மா. வெக்கையா இருக்குன்னு பாயக்கூட விரிக்கல."

"டாக்டர், இங்கிட்டு கொஞ்சம் வாங்க. இவருக்குக் கண்ணு எம தொங்குது. கட்டுவிரியன் கடிச்சா தடம் தெரியாது, வயிறுதான் மொதல்ல வலிக்கும்."

டாக்டர் திரும்பி வந்து பார்த்தார். விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கி அரை மணிக்குள், ஏற்கெனவே ஏறியிருந்த விஷத்தால் அந்த ஆளுக்கு மூச்சு திணறியது. வென்டிலேட்டரில் போட்டோம். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார்.

மாதக் கூட்டத்தில் பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டை எடுத்துப் படித்தார். இமை தொங்குவதைக் கவனித்து டாக்டருக்குத் தெரிவித்தேன் என்ற குறிப்பின் கீழே இருந்தது என் கையெழுத்து. "பிலோமினா சிஸ்டர் அனுபவம் பேசுது பாருங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வளர்மதியும் தட்டினாள். நான் எழுந்து தேங்க்ஸ் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அங்கே வெளியாள் ஒருவரும் இல்லை, உண்மையைச் சொல்லியிருந்தால் யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள்.

4. கடிதம்

ஆறாவது வருடம் அவள் கணவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று. மெக்கானிக்குக் கை போனால் என்ன மிச்சம்? அதன்பிறகு வளர்மதி என்னிடம் லீவு கேட்கவில்லை, தகவல் மட்டும் சொன்னாள். "நாளைக்கு பெங்களூர் போறேன் சிஸ்டர்." போய் என்.ஓ.சி. வாங்கி வந்தாள். சில மாதத்தில் தமிழ்நாட்டுப் பதிவும் கைக்கு வந்தது. ஆறு வருடம் நான் தள்ளிப்போட்டதற்கு அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பயணம்.

வளைகுடா நாட்டில் ஒரு மருத்துவமனைக்கு ஐசியூ நர்ஸ் எடுத்தார்கள். இன்டர்வியூவில் தேறிவிட்டாள். கடைசி இரண்டு வருடமாவது இடைவெளியில்லாமல் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்ததற்குச் சான்று வேண்டும், அதை அவர்கள் எங்களுக்கே எழுதி விசாரித்து உறுதி செய்துகொள்வார்கள். பெங்களூர் வேலை பழசாகிவிட்டது, அது செல்லாது. எல்லாம் எங்கள் கடிதத்தில் நின்றது.

நான் மேனேஜர் அறைக்குப் போனேன்.

"ஸ்டாஃப் நர்ஸுன்னு எப்புடி சிஸ்டர் எழுதுறது? பதிவு இல்லாத ஆள வச்சு ஐசியூ ஓட்டுனோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். விசாரணைன்னு வந்தா ஷீட்ட எடுப்பாங்க. ஷீட்டுல யாரு கையெழுத்து இருக்கு?"

"என்னோடதுதான்."

"அப்ப மொத ஆளா மாட்டப்போறது நீங்க. ரிட்டயராக ஒரு வருஷம்கூட இல்ல, யோசிச்சுக்கங்க. ரிஜிஸ்தர்ல எப்புடி இருக்கோ அப்புடியே எழுதிக் குடுத்துருங்க."

யோசித்தேன். நெடுநேரம் எல்லாம் இல்லை. 'நர்சிங் உதவியாளராகப் பணிபுரிந்தார்' என்று டைப் செய்து வந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன். அவளுக்காக நான் போட்ட ஆயிரம் கையெழுத்துகளில் அந்த ஒன்றுதான் சட்டப்படி சரியானது.

வளர்மதி நின்றபடியே படித்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கேஸ் ஷீட்டக் காட்டலாமா சிஸ்டர்? எல்லாம் என் கையெழுத்து... என் எழுத்துதானே?"

"கீழ என் பேருல்லம்மா இருக்கு."

"ஆமா" என்றாள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "சரி சிஸ்டர். ஃபோர்த் பெட்டுக்கு ரெண்டு மணி டோஸ் இருக்கு, பாத்துட்டு வாரேன்."

போய் அந்த ஊசியைப் போட்டாள். பதிவு வந்த பிறகும் பழைய ஏற்பாடே ஓடிக்கொண்டிருந்தது, அன்று முதல்முறையாகத் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட்டாள். அந்த வெளிநாட்டு வேலை கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் எங்கள் வேலையையும் விட்டுவிட்டாள்.

5. இளைய நர்ஸ்களுக்கு

நான் ஓய்வு பெற்று ஆவூரில் இருக்கிறேன். என்னிடம் வேலை பழகிய பெண்கள் வந்தால் இரண்டே விஷயம் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் வேலைக்குப் போகிறீர்களா, துணிமணி கட்டுவதற்கு முன்னால் என்.ஓ.சி.க்கு விண்ணப்பியுங்கள். நீங்கள் போட்ட ஊசிக்கு நீங்கள் கையெழுத்துப் போட முடியாத இடத்தில், எவ்வளவு பாசமாகக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். என்னைப் போன்ற பெரிய சிஸ்டர்கள் பாசமாகத்தான் கூப்பிடுவோம். அன்று நான் அவளுக்கு வேலை கொடுத்து உதவியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளர்மதி இப்போது திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போன மாதம் போன் செய்தேன். குரலில் கோபம் எதுவும் இல்லை. வீட்டுக்காரர் இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாராம், பிள்ளை இரண்டாவது படிக்கிறதாம்.

"வேல எப்புடிம்மா இருக்கு?"

"அனுபவம் இல்லாதவங்க லிஸ்டுல எடுத்திருக்காங்க சிஸ்டர், டிரெய்னியா. இருவத்திரண்டு வயசுப் புள்ள ஒண்ணு எனக்கு இன்சார்ஜ். நல்ல புள்ள. நேத்து எனக்கு ஊசிக்கு வெய்ன் பாக்குறது எப்புடின்னு சொல்லிக் குடுத்துச்சு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? தெரியும்னு சொன்னா, பெங்களூருக்கு அப்புறம் ஆறு வருசம் எங்க ஊசி போட்டேன்னு கேப்பாங்க. பேசாம கேட்டுக்கிட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.