ரிசர்வ் திருகு இல்லாத வண்டி

பிள்ளைகளா, உங்கள் அத்தை மகனுக்குக் காது குத்திய அன்று நான் ஏன் தாமதமாக வந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். ஒத்தக்கடையில் டிராபிக் என்று சொன்னேன். அது பொய். ஒத்தக்கடையை அன்று ஐந்து நிமிடத்தில் தாண்டிவிட்டேன். நடந்ததை இப்போது எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்களும் வண்டி ஓட்டப் போகிறவர்கள்தானே.

நம் பழைய வண்டியின் எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுத்தது கார்புரேட்டர். பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறீர்களே, கிட்டத்தட்ட அதுதான். எஞ்சின் காற்றை இழுக்கும். இழுக்கிற வேகத்தில் பெட்ரோலும் கூடவே ஏறி வரும். டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக்குத் தண்ணீர் வருவது போலப் பெட்ரோல் தானாக இறங்கும். நடுவில் குழாய்க்கு இருப்பது போல ஒரு திருகு. பெட்ரோல் குறைந்தால் வண்டி இருமும், குலுங்கும். ஓட்டிக்கொண்டே இடது கையைத் தொடைக்குப் பக்கத்தில் விட்டு, அந்தத் திருகை ரிசர்வுக்குத் திருப்பினால், டேங்கின் அடியில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் வீடு வந்து சேர்ந்துவிடலாம். அதுவும் தீர்ந்தால் வண்டியை இடது பக்கம் நன்றாகப் படுக்கப் போட வேண்டும். டேங்கின் மறுபக்கம் தங்கியிருக்கும் பெட்ரோல் இந்தப் பக்கம் வழிந்து வரும். பங்க் வரை போய்விடலாம். இருபது வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

புது வண்டியில் கார்புரேட்டரே கிடையாது. டேங்குக்குள் ஒரு சின்ன பம்பு. அது பெட்ரோலை அழுத்தித் தள்ள, எஞ்சின் பக்கம் ஒரு சின்ன மூக்கு, நர்ஸம்மா ஊசி போடுவது மாதிரி அளந்து எஞ்சினுக்குப் பீய்ச்சுகிறது. எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவது ஒரு கம்ப்யூட்டர். மார்கழிக் காலையில் சோக்கை இழுத்து, பத்து உதை உதைத்து, உள்ளேயிருந்து உங்கள் அம்மா "இன்னுமா கெளம்பல?" என்று கேட்பதை வாங்கிக் கட்டிக்கொண்ட காலம் போயிற்று. அதே பெட்ரோலில் கூடுதல் தூரம் ஓடுகிறது, புகை நாற்றமும் இல்லை. வண்டியில் குறை இல்லை. குறை என் கையில்தான் இருந்தது.

அன்று நீங்களும் அம்மாவும் சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டீர்கள். நான் மாட்டுத்தாவணியில் மாலை வாங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். பெட்ரோல் விளக்கு காளவாசலிலேயே மினுக்க ஆரம்பித்துவிட்டது. இருமட்டும், திருப்பிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஒத்தக்கடை தாண்டி, கோயிலுக்குத் திரும்பும் வயல் ரோட்டில் வண்டி இருமியது. இடது கையை விட்டுத் துழாவினேன். திருகைக் காணோம். குனிந்து பார்த்தேன். இருந்தால்தானே கிடைக்கும்! வண்டி நின்றேவிட்டது.

மணி ஒன்பதே முக்கால். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்த வேண்டும். உங்கள் அத்தைக்கு அண்ணன் தம்பி என்று இருப்பது நான் ஒருவன்தான். நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் போன் செய்தாள்.

"அண்ணே, எங்கண்ணே இருக்க?"

"இந்தா வந்துட்டேன்த்தா, பக்கத்துலதான்."

"எம்புட்டுப் பக்கத்துல? ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு. மாமன் வரலேன்னா பயலோட பெரியப்பா மடியில வச்சுக் குத்திரலாம்னு இங்க பேச்சு நடக்குது. அப்படி ஆச்சுன்னா நான் எப்படிண்ணே இவுக முன்னாடி தலை நிமிந்து நிப்பேன்?"

அவள் குரல் உடைந்தது.

அப்போதுதான் ஒருவர் பழைய வண்டியில் பின்னால் புல்லுக்கட்டோடு வந்து நிறுத்தினார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர்.

"என்னண்ணே, நின்னுருச்சா?"

"பெட்ரோல் காலி மாப்ள. கோயில்ல தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து, நான்தான் தாய்மாமன்."

"புது வண்டியால்ல தெரியுது. கம்ப்யூட்டரு சொல்லலையா?"

"சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

"எங்க வீட்லயும் நான் சொல்றதுக்கு அதே மரியாததான்ணே" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார். என் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்யச் சொன்னார். தன் வண்டியின் டேங்குக்கு அடியில் கையை விட்டு, ரப்பர் டியூபை உருவி, திருகைத் திறந்தார். என் வண்டிக்கு இல்லாத அதே திருகு! பெட்ரோல் சிறுநூலாகப் பாட்டிலில் இறங்கியது.

ஊற்றினேன். சாவியைத் திருப்பிய கையோடு பட்டனை அழுத்தினேன். கறகற என்றதே தவிரப் பற்றவில்லை.

"காத்து அடைச்சிருக்கும்ணே. சாச்சுப் பாப்போம்."

எனக்கும் அதே யோசனைதான். சாவியைக்கூட அணைக்காமல் இரண்டு பேருமாக வண்டியைத் தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்த்தோம். ஆட்டினோம். நிமிர்த்தினோம். பட்டனை அழுத்தினால் இப்போது கறகறவும் இல்லை. ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் என்னை முறைத்தது.

"போச்சு. கொன்னுட்டோம்" என்றேன்.

"வண்டி கெடக்கட்டும்ணே. புல்லுக்கட்டு மேல ஏறுங்க, நான் கொண்டுபோய் விடுறேன். சீர் கொண்டாந்த மாமன் புல்லோட வந்தான்னு நாலு தலைமொறைக்குப் பேசுவாக."

சாவியை எடுத்து, கழுத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு, கட்டின் மேல் ஒரு காலைத் தூக்கியும் விட்டேன். கயிறு கழன்று கட்டு சரிந்தது. அவர் அதை இறுக்கிக் கட்டும் நேரத்தில் மனசு கேட்காமல் என் வண்டியில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து உங்கள் அத்தை மறுபடி போன் செய்தாள்.

"மணி பத்தாச்சு! வாரியா இல்லையா? வந்தேன் வந்தேன்னு சொல்லுற, ஆளக் காணோம்!"

"வாரேன்த்தா, வாரேன்" என்று சொல்லி, அவள் திட்டி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, போனைப் பையில் போட்டுப் பட்டனை அழுத்தினேன். வண்டி ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது.

புல்லுக்கட்டுக்காரர் வாயைப் பிளந்தார். "உங்க தங்கச்சி வஞ்சதுல வண்டியே பயந்துருச்சுண்ணே!"

பத்தேகாலுக்குக் கோயில் வாசலில் இறங்கினேன். பெரியப்பா வேட்டியை மடித்து ஏற்கெனவே சம்மணம் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மாமோவ், உங்க எடத்தச் சூடு பண்ணி வச்சிருக்கேன்" என்றார். பயல் என் மடியில் அமர்ந்து, ஊசி படும் முன்பே என் மீசையைப் பிடித்து இழுத்தான். உங்கள் அத்தை எதிரில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். மீதியை நீங்கள் பார்த்தீர்கள்.

வண்டி ஏன் செத்தது, எப்படிப் பிழைத்தது என்பதுதான் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கு அடியில் பிரிக்காமலே கிடந்த, வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துப் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற இங்கிலீஷ்தான், ஆனாலும் விளங்கியது. வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்தால், ஓட்டுகிறவன் விழுந்துவிட்டான் என்று எண்ணி கம்ப்யூட்டர் எஞ்சினை நிறுத்திவிடுமாம். சாவியை அணைத்து மறுபடி போட்டால் சரியாகிவிடுமாம். சாவி போட்டதும் பம்பு 'ங்ங்' என்று முனகும். முனகல் அடங்கிய பிறகே பட்டனைத் தொட வேண்டுமாம். அத்தை திட்டிய நேரம் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. நானும் அவரும் பெட்ரோல் இறங்கட்டும் என்று சாய்த்தோம். கம்ப்யூட்டரோ எனக்கு அடிபட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறது.

படித்தது போதவில்லை. சாயங்காலம் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கண்மாய்க்கரைப் பக்கம் ஆளில்லாத பொட்டலுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். எஞ்சினை ஓடவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சாய்த்தேன். பாதிவரை ஓடியது. இன்னும் கொஞ்சம் இறக்கியதும் பட்டென்று நின்றது. நிமிர்த்தி, சாவியை அணைத்து, போட்டு, முனகல் அடங்கும்வரை காத்திருந்து அழுத்தினேன். கிளம்பியது. பிறகு சுற்றி வந்து நின்றுகொண்டு, வலது பக்கமும் ஒருமுறை சாய்த்துப் பார்த்தேன். அப்போதும் பட்டென்று நின்றது; நான் எந்தப் பக்கம் விழுந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும்.