திரை நடுவே ஒரு கட்டம்

திருமழிசை தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஜன்னலே இல்லாத அறை ஒன்று இருந்தது. சுவர், கூரை, கதவின் உட்புறம் எல்லாம் கறுப்பு. வெளிர்நிறச் சுடிதாரோடு உள்ளே போனால் துணியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அளவைக் கெடுத்துவிடும். அதனால் மேலே ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். எச்டிஆர் எனப்படும் அதிக வெளிச்சமுள்ள டிவிகள் எவ்வளவு நிறம் காட்டுகின்றன என்று அளப்பதுதான் அங்கே வேலை.

திரையின் நடுவில், மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு கட்டம் தெரியும். சுற்றிலும் இருட்டு. அந்தக் கட்டத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வரும். எதிரே ஸ்டாண்டில் நிற்கும் மீட்டர் அதைப் படிக்கும். பிறகு வெளிச்சத்தைப் படிப்படியாக ஏற்றுவோம். மட்டமான திரையில் வெளிச்சம் ஏற ஏற சிவப்பு வெளுத்து ரோஸாகிவிடும். நல்ல திரையில் கடைசி வரை சிவப்பாகவே நிற்கும். எல்லாம் முடிந்ததும் கம்ப்யூட்டர் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு எண்ணைக் கொடுக்கும். அதைத்தான் டிவியின் அட்டைப்பெட்டியில் அச்சடிப்பார்கள்.

ஒரே டிவியை இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பது விதி. காலையில் நான். சேக்காட்டிலிருந்து ஆவடி வந்து, பூந்தமல்லியில் பஸ் மாறி எட்டரைக்குள் போய்விடுவேன். பிற்பகலில் அளந்தவர் திருமழிசைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கேபிள் டிவி வேலையிலிருந்து இங்கே வந்தவர். அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். இரண்டு வருடமாக எங்கள் எண்களுக்குள் பெரிய வித்தியாசம் வந்ததில்லை.

புதிய மாடல் ஒன்று வந்தது. திரையும் அதற்குள் ஓடும் மென்பொருளும் வெளிக் கம்பெனி ஒன்றிடமிருந்து வந்தவை. நான் அளந்தபோது தொண்ணூற்றொன்று. மறுநாள் அவருடைய தாளைப் பார்த்தேன். எழுபத்தாறு.

அதே மாடலில் இன்னொரு டிவியை அளந்தோம். எனக்குத் தொண்ணூற்றொன்று, அவருக்கு எழுபத்தைந்து.

அவர்மேல்தான் சந்தேகம் வந்தது. டிவியைப் போட்டு ஒரு மணி நேரம் சூடேற விட்ட பிறகே அளக்க வேண்டும். விட்டாரா? அளக்கும்போது கதவைத் திறந்து வைத்திருந்தாரா? அந்த வாரம் பார்த்து அவர் அடிக்கடி போனில் பேசுவது என் கண்ணில் பட்டது. முன்பும் பேசியிருப்பார், நான் கவனித்திருக்க மாட்டேன். செக்யூரிட்டியிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோல, அவர் எத்தனை மணிக்கு வெளியே போகிறார் என்று விசாரித்தேன். ஸ்டாண்டின் மூன்று கால்களையும் சுற்றித் தரையில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். காலையில் வந்து பார்த்தால் ஸ்டாண்டு கோட்டுக்குள்ளேயே நின்றது. அதையும் நான் சந்தேகப்பட்டேன். கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்திருப்பார் என்று தோன்றியது.

பார்க்கத்தான் செய்திருந்தார். மதியம் ஷிப்ட் மாறும்போது கேட்டார்.

"இன்னா மேடம், தரையெல்லாம் கோலம் போட்டு வெச்சிகீறீங்க?"

"ஸ்டாண்டு நகருதான்னு பாக்கறேண்ணா."

"ஸ்டாண்டு மேல டவுட்டா, எம்மேல டவுட்டா?"

அவர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றே மேனேஜரிடம் சொன்னேன். அண்ணாவைப் பற்றி எதுவும் தப்பாகச் சொல்லவில்லை என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். "அவர் அளவை நம்பி அட்டைப்பெட்டியில எண் போட முடியாது சார்" என்று மட்டும் சொன்னேன். மறுநாள் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றாவது டிவி, நான்காவது டிவி, எல்லாவற்றையும் நானே அளந்தேன். எல்லாமே தொண்ணூற்றொன்று. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அதுவே உறுத்தியது. ஒரே லாட்டில் வந்த திரைகளானாலும் ஒன்றுக்கொன்று கொஞ்சமாவது மாறும். இவை மாறவேயில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பேக்கிங்குக்குப் போகவிருந்த புதிய மாடல் டிவி ஒன்றில் யாரோ கல்யாண வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எச்டிஆரில் எடுத்ததாம். கேமரா விளக்கு விழுந்த இடங்களில் கல்யாணப் பெண்ணின் அரக்குச் சேலை வெளுத்து, துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணிபோலத் தெரிந்தது. தொண்ணூற்றொன்று வாங்கிய டிவி இப்படிக் காட்டாது. படம் எடுத்தவர் சரியாக எடுக்கவில்லையோ என்று நினைத்தேன். பழைய மாடல் ஒன்றில் அதே வீடியோவைப் போடச் சொன்னேன். அதில் சேலை அரக்காகவே இருந்தது.

அடுத்த சந்தேகம் மீட்டர்மேல். பழைய மாடலை அளந்து பார்த்தேன். எப்போதும் வரும் எண்ணே வந்தது. மீட்டர் சரி. அப்படியென்றால் அண்ணா என்னதான் செய்தார் என்று அவரிடமே கேட்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அவர் தெர்மாகோல் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

"மீட்டர நடுவுல வெச்சி அளக்கல மேடம். மீட்டரப் புடிக்கிற ஸ்டாண்டு கிளிப்பு ஒடைஞ்சி மூணு மாசமா கீது. நீங்க காலைல அட்டைய மடிச்சி சொருகி ஏத்தி வெச்சிக்கிறீங்க. மதியத்துக்குள்ள அது எறங்கிடுது. ஸ்டோர்ல கேட்டுகினே கீறேன், குடுக்கல. அதான் மீட்டர எறங்குன எடத்துலயே நேரா வுட்டுட்டு, கட்டத்த கீழ எறக்கி கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல் பண்ணிகினேன்."

"மூணு மாசமாவா?"

"மூணு மாசமா. பழைய மாடல்ல உங்க அளவும் என் அளவும் ஒண்ணாத்தான வந்துச்சி?"

அது உண்மைதான். அட்டை சொருகியது நான்தான். இறங்கிவிடும் என்று தெரிந்தும், அவர் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவரை அழைத்துக்கொண்டு அறைக்குப் போனேன். நடுக்கட்டம்: தொண்ணூற்றொன்று. அதையே கீழே இறக்கினோம்: எழுபத்தாறு. திரையின் கீழ்ப்பகுதியே மட்டமாக இருக்கலாம் என்று நான் இன்னும் விடவில்லை. அவர் கட்டத்தைத் திரும்ப நடுவில் வைத்து, அளவை மட்டும் குறைத்தார். திரையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்குப் பதில் ஒன்பது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

எழுபத்தாறு.

அப்போதுதான் புரிந்தது. டிவிக்குள் இருந்த மென்பொருள் அந்தக் கட்டத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. நடுவில், சரியாக அந்த அளவில் கட்டம் வந்தால் யாரோ அளக்கிறார்கள் என்று புரிந்து, திரையின் பின்விளக்கை முழு மூச்சில் எரித்து நிறத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வேறு எதைப் போட்டாலும் தன் பாட்டுக்கு வெளுக்கிறது.

"நம்ம அளக்கறோம்னு தெரிஞ்சிகினு நடிக்குது மேடம்" என்றார்.

மேனேஜர் முதலில் நம்பவில்லை. எதிரே உட்கார வைத்து அளந்து காட்டினோம். வெளிக் கம்பெனியோடு போனில் பேசினார். அது படத்தை மேம்படுத்தும் வசதி என்றார்கள். பத்து நாளில் புது மென்பொருள் அனுப்பினார்கள், பிரச்சினை தீர்ந்தது என்ற கடிதத்தோடு. அதைப் போட்டு அளந்தால் நடுவில், கீழே, ஒன்பதில், பத்தில் என்று எங்கும் தொண்ணூறு வந்தது. மேனேஜர் முகம் தெளிந்தது. எனக்குத் தெளியவில்லை.

"அந்தக் கல்யாண வீடியோவப் போடுங்கண்ணா" என்றேன்.

சேலை முன்புபோலவே வெளுத்தது. அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கட்டத்தைக் கோணலாக்கி, பின்னால் இருட்டுக்குப் பதில் ஒரு மரத்தின் படத்தை வைத்து அளந்தார். எழுபத்தேழு. இருட்டில் தனியாக வரும் கட்டம் எதுவானாலும் அளப்பதுதான் என்று புது மென்பொருள் கண்டுகொள்கிறது.

அந்த எண்ணைத்தான் அறிக்கையில் எழுதினோம். மேனேஜர் இரண்டு நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார். கடைசியில் அட்டைப்பெட்டியில் எண்ணே இல்லாமல், நிறம் செழுமையாக இருக்கும் என்று மட்டும் அச்சடித்து டிவியை அனுப்பினார்கள். பொய்யான எண்ணைப் போடவில்லையே என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அண்ணா பழைய வேலைக்குத் திரும்பி வந்தார். வந்த அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். தரையில் இருந்த பென்சில் கோடுகளை ஈரத்துணியால் அழித்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமல் சொன்னார்.

"வுடுங்க மேடம். சார்கிட்ட போறதுக்கு முன்னாடி என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டிருக்கணும்ணா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு மதியமும் தன் அளவை எழுதும் முன் என்னுடைய ஃபைலைத் திறந்து, கட்டத்தின் அளவு, இடம், டிவி சூடேறிய நேரம் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தொடங்குவார். என் எதிரிலேயே செய்வார், மறைக்க மாட்டார். ஒருநாள் சூடேறிய நேரத்தில் பத்து நிமிடம் குறைவதைக் கண்டுபிடித்துத் திரும்ப அளக்கச் சொன்னார். கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் அளந்தேன்.